நீலம் சுடும்

ஜூலையில் ஷார்ஜாவில்
நீலக் குழாயைத் திறந்தால் டீயே போடலாம்.
மொட்டைமாடித் தொட்டியில் கிடந்து
பகலெல்லாம் வெந்த தண்ணீர் அது.
அணைத்துப் போட்ட ஹீட்டருக்குள்
வீட்டு நிழலில் ஆறிக் கிடப்பதுதான் பச்சைத்தண்ணீர்;
அது வருவது சிவப்புக் குழாயில்.
ஆகவே என் மகளுக்கு
உலகத்தைப் பற்றிய முதல் பாடமாக
"மக்கா, சிவப்பு ஜில்லு, நீலம் சுடும்" என்று
சொல்லிக் கொடுத்தேன்.
இரண்டே கால் வயது. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.
செருப்பை வாயில் வைக்காதே என்பதுதான்
நானூறு தடவைக்குப் பிறகும் பாக்கி.

சனிக்கிழமை பெல்சியாவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி.
எனக்கு ஜோவினா டியூட்டி.
பன்னிரண்டு மணி நேரம், ஓவர்டைம் கிடையாது.
செய்ய வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி
ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாள்.
ஏழே காலுக்கெல்லாம்
தாளின் கீழ்ப்பாதியை இவள் தின்றிருந்தாள்.
மதியத்துக்கு மேல் என்ன செய்வதென்று
ஆண்டவருக்கும் அவள் வயிற்றுக்கும்தான் வெளிச்சம்.

குப்பை போடக் கிளம்பினோம்.
எங்கள் லிஃப்டுக்குள் ஓர் அரபிப் பெண்குரல் குடியிருக்கிறது.
கதவு மூடுகிறது என்று சொல்லும்.
"ஷுக்ரன் ஆன்ட்டி" என்பாள் ஜோவினா,
ஸ்பீக்கர் ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் தேடியபடி.
அன்று நான் பையின் முடிச்சைக் குனிந்து பார்த்த நேரம்
இரண்டு கையாலும் பொத்தான்கள் மேல் விழுந்தாள்.
ஒன்பது மாடி. ஒன்பது நிறுத்தம்.
உடன் வந்த எகிப்துக்காரர், டை கட்டியவர்,
ஆளில்லாத ஒவ்வொரு வராந்தாவையும்
வாருங்கள் என்பதுபோல் பார்த்துத் தலையசைத்தார்.
ஆன்ட்டி ஒவ்வொரு முறையும் அறிவித்தாள்,
ஜோவினா ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள்.
ஐந்தாம் மாடியிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார்.

திரும்பி வந்து நான் கண்ணயர்ந்தது
நாலு நிமிடம் இருக்கும்.
சரி, ஆறு.
அழைப்பு மணி.
வாசலில் கீழ்க்கடை ஷமீல்,
நெஞ்சோடு அணைத்த லபன் பாட்டில்கள்.
"இங்கேந்துதான் ஃபோன் சாரே. மோள் விளிச்சு."
எங்கள் லேண்ட்லைனில் ரீடயல் அமுக்கினால்
எப்போதும் கடைதான்.
"லபன், லபன்னு சொல்லிச்சு.
எத்தனைன்னு கேட்டேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழுன்னு சொல்லிச்சு."
நியாயமாக யோசித்தான்.
"ஏழுதான் லாஸ்ட்டு சொன்னது."
நான் கணக்குப் பார்ப்பவன்.
கடைசியில் வரும் தொகைக்குத்தான்
பதினொரு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.
என்ன வாதாட? பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி பெல்சியா ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.
நெடுநேரம் திறந்தே வைத்திருந்தாள்.
"தாளில் லபன் எழுதலியே?"
"கீழ்ப்பாதியில் எழுதியிருப்பேன்னு நினைச்சேன்."
ஐந்து நாள் மோர்க்குழம்பு.

செப்டம்பரில் நர்சரி சேர்க்கை.
சூடான் நாட்டு டீச்சர் ஒரு படத்தை நீட்டினார்:
இரண்டு குழாய்.
சிவப்பைத் தொட்டு "கோல்டு" என்றாள் என் மகள்.
நீலத்தைத் தொட்டதும் விரலை வெடுக்கென்று இழுத்து
ஊஃப் ஊஃப் என்று ஊதினாள்.
டீச்சரின் பேனா நின்றது.
மொட்டைமாடி, தொட்டி, ஹீட்டர் என்று
வேர்க்க வேர்க்க விளக்கத் தொடங்கினேன்.
கையமர்த்தினார்.
"என் வீட்டிலும் அப்படித்தான்" என்று
இரண்டுக்கும் சரி போட்டார்.

பிறகு டிசம்பர் வந்தது.
ஒரு காலை, நீலத்தின் கீழே கை நீட்டியவள்
சிலிர்த்துப் பின்வாங்கினாள்.
குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தாள்.
பாதிச் சவரத்தில் இருந்தேன்.
கூடத்திலிருந்து குரல் கேட்டது,
பொறுப்பான, மூத்த குடும்பஸ்தரின் குரல்:
"ஹலோ சமீலு, குழா கெட்டுப்போச்சி.
ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஏழு வருவதற்குள்
முகத்து நுரையோடு ஓடினேன்.